கூரையில்லாத அரங்கு

சென்ற மாதம் களுவாஞ்சிக்குடியில் ஓர் இலக்கிய வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சிறுகதை பற்றித் தொடங்கிய உரையாடல், இத்தகைய கூட்டங்களின் இயல்புப்படியே, நாடகத்துக்கு நழுவி, நாடகத்திலிருந்து திரைப்படத்துக்கு வந்து சேர்ந்தது. அப்பொழுது உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து என்னை நோக்கி, "ஐயா, மோட்டார்க் காரில் இருந்தபடியே படம் பார்க்கிற அரங்குகளை அமெரிக்கப் படங்களிலே காட்டுகிறார்களே, அப்படி ஒன்று தமிழர் வாழும் ஊர்களில் எங்கேனும் இருந்ததா? இருந்தால் அது இப்போது எங்கே?" என்று கேட்டார்.

"சென்னையில் ஒன்று இருந்தது. இப்பொழுது இல்லை" என்று நான் சுருக்கமாகச் சொன்னேன். அவ்வளவில் அது முடிந்திருக்கும். ஆனால் பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "கார் என்ன கார் மனே! வண்டிலைக் களரிக்குப் பக்கத்தில அவிழ்த்துப் போட்டுட்டு, வைக்கோலுக்கு மேல படுத்துக்கிடந்து விடிய விடியக் கூத்துப் பார்த்த ஆக்கள் நாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மாணவரின் வினாவும் அந்த முதியவரின் விடையும் என் மனத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டே வந்தன. கேட்டவருக்கு நான் அளித்த விடை போதாது என்று தோன்றிற்று. அந்தக் கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறேன்.

கூரையில்லாத அந்த அரங்கின் கதை அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில் தொடங்குகிறது. ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் குடும்ப வணிகத்தைச் சேர்ந்தவர். அவர் தம் வீட்டு முற்றத்து மரங்களுக்கிடையே வெண்துணியைக் கட்டினார். காரின் முன்பக்கத்து மேற்பரப்பில் படங்காட்டும் கருவியை வைத்தார். துணிக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியை ஒலிக்கவிட்டார். பின்பு காருக்குள் அமர்ந்து, கண்ணுக்கும் காதுக்கும் எவ்வளவு எட்டுகிறது என்று சோதித்தார். மழை பெய்தால் என்னாகும் என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. புல்வெளிக்கு நீர் தெளிக்கும் குழாயைக் காரின்மீது திருப்பிவிட்டு, கண்ணாடி வழியே படம் தெரிகிறதா என்று பார்த்தாராம்.

அவர் எதிர்கொண்ட பெரிய சிக்கல் ஒன்றே. ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் நின்றால், பின்னால் இருப்பவருக்கு முன்னால் நிற்கும் காரின் கூரைதான் தெரியும். சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து வைத்துப் பார்த்து, முன்சக்கரங்கள் உயர்ந்து நிற்கும்படி மண்மேடுகளை வளைந்த வரிசைகளாக அமைத்தால் அச்சிக்கல் தீரும் என்று கண்டார். இந்த அமைப்புக்கு 1933 மே 16ஆம் நாள் காப்புரிமையும் பெற்றார். அதே ஆண்டு ஜூன் 6ஆம் நாள் முதல் அரங்கு திறக்கப்பட்டது. காருக்கு 25 சதம், ஆளுக்கு 25 சதம். எத்தனை பேர் வந்தாலும் ஒரு காருக்கு ஒரு டாலருக்கு மேல் இல்லை என்பது கட்டணம். உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த ஆண்டு அது என்பதை நினைவிற் கொண்டால், அக்கட்டணத்தின் சூட்சுமம் விளங்கும். பிள்ளைகள் மிகுந்த குடும்பத்துக்கு அது மலிவான மாலைப் பொழுதாயிற்று.

தொடக்கத்தில் திரையின் அருகே பெரும் ஒலிபெருக்கிகளை வைத்து முழங்கவிட்டனர். அயலார் உறக்கம் கெட்டது. பின்வரிசைக் காரருக்கோ உதடு அசைந்த பின்னரே சொல் வந்தது. 1941இல் காரின் கண்ணாடி ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் சிற்றொலிபெருக்கி வந்ததும் அக்குறை நீங்கிற்று. ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமை செல்லாது என்று 1949இல் நீதிமன்றம் தீர்த்தது. போர் முடிந்து கார்களும் குழந்தைகளும் பெருகிய காலமும் அதுவே. 1958ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இத்தகைய அரங்குகள் 4,000க்கு மேல் இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை மாநகரங்களில் அல்ல, நிலம் மலிவாகக் கிடைத்த சிற்றூர்களின் ஓரங்களிலேதான் இருந்தன. சோளக் கொல்லையை அடுத்து வெண்ணிறமான ஒரு பெருஞ்சுவர் நின்றால், அதுவே அவ்வூரின் அரங்கு.

இறங்குமுகமும் விரைந்தே வந்தது. வீட்டுக்குள் தொலைக்காட்சி நுழைந்தது. கோடையிற் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் ஒருமுகப்படுத்தவே, இருள் பிந்திற்று. இருளின்றிப் படம் இல்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறிற்று. ஊர் வளர்ந்து ஓரத்து நிலம் நடு நிலமாயிற்று. இரவில் மட்டும், அதுவும் நல்ல பருவத்தில் மட்டும், வருவாய் தரும் பல ஏக்கர் நிலத்தை எந்த உடைமையாளர்தாம் வைத்திருப்பார்? பின்னர் ஒளிநாடா வந்தது. அதற்கும் பின்னர்ப் படச்சுருளே மறைந்து, இலக்கமுறைக் கருவி வாங்கப் பெரும்பணம் வேண்டியதாயிற்று. இன்று அங்கே எஞ்சியிருப்பவை சில நூறே.

இனி நம்மவர் பக்கம் வருவோம். தமிழர் காதில் 'டிரைவ்-இன்' என்ற சொல் முதலில் விழுந்தது திரைப்படத்தோடு சேர்ந்து அன்று, காப்பியோடு சேர்ந்து. சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தை அறியாத தமிழ் எழுத்தாளர் அந்நாளில் அரியர். மரநிழலில் நின்ற காருக்கே தட்டு வரும் அந்த இடத்தில் உண்டவற்றைவிடப் பேசப்பட்டவை மிகுதி. 2008இல் அது மூடப்பட்டது. அந்த நிலத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா எழுந்தது. உணவகம் போனாலும் மரங்கள் நின்றன என்பது ஓர் ஆறுதல்.

காரிலிருந்து படம் பார்க்கும் அரங்கு இந்தியாவில் வேரூன்றியது சற்றுப் பிந்தியே. அகமதாபாத்தில் 1973இல் ஒன்று தோன்றிற்று. அது இன்னும் நிலைத்திருக்கிறது. மும்பாயின் பாந்திராப் பகுதியில் 1977இல் ஒன்று திறந்து 2003இல் மூடிற்று. 2021இல் அதே மாநகரில் ஒரு பெரும் வணிக மாளிகையின் மேற்றளத்தில் புதிதாக ஒன்று திறக்கப்பட்டது. நிலத்தில் இடமில்லாமற் போனதால் காரோடு கூரைக்கு ஏறவேண்டிய காலம் வந்துவிட்டது போலும்!

தமிழ்நாட்டில் இவ்வகையிற் பெயர் பெற்றது, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் 1991இல் தோன்றிய பிரார்த்தனா. ஈஞ்சம்பாக்கம் அன்று சவுக்குத் தோப்பும் கடற்காற்றும் சூழ்ந்த சிற்றூர். படம் பார்ப்பதற்காக நகரத்தார் ஊரைவிட்டு வெளியே போனார்கள் என்பதே அக்காலத்தில் ஒரு புதுமை. காருக்குள் இருந்தவர் சிலரே. பெரும்பாலோர் கார்க் கதவுகளைத் திறந்துவிட்டு, பாயும் சமுக்காளமும் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்து, குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு, கடற்காற்றில் அமர்ந்து படம் பார்த்தார்கள். அமெரிக்கர் கண்ட தனியறையை நம்மவர் இரண்டே நாளில் முற்றமாக்கிவிட்டார்கள் என்பதை நான் இங்கே குறித்துக்கொள்கிறேன். இக்கட்டுரையின் சாரம் அதில் இருக்கிறது.

2011இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. சிற்றூர் மாநகரின் ஒரு தெருவாயிற்று. அதற்கு முன்பே அந்தச் சாலை அகன்று, இருமருங்கும் மாளிகைகள் எழத் தொடங்கியிருந்தன. பின்பு 2020இல் கொரோனாக் கொள்ளைநோய் வந்தது. அக்காலத்தையொட்டி அந்தத் திரை இருண்டது. இதில் ஒரு விந்தை உண்டு. ஒருவரோடொருவர் நெருங்கி அமர அஞ்சிய அதே 2020இல், மேலைநாடுகள் பலவற்றில் கார் அரங்குகளுக்கு மறுவாழ்வு கிட்டியது. அங்கே வெறும் வாகனத் தரிப்பிடங்களிலும் திரைகள் கட்டப்பட்டன. கூட்டத்திலும் தனிமை காக்கும் அரங்கை உலகம் தேடிய அதே வேளையில், தமிழரிடம் இருந்த பெயர்பெற்ற ஒன்று மறைந்தது.

மாணவரின் வினாவுக்கு நேர்விடை இவ்வளவே. இருந்தது, நிலத்தின் விலையும் காலத்தின் போக்கும் அதனை விழுங்கின. ஆனால், அதற்காக நாம் வருந்தத்தான் வேண்டுமா? இலக்கிய வட்டத்தினர் இதனை வினவுவர் என்பதை நான் அறிவேன். கார் இருப்பவருக்கான அரங்கு போனால், கார் இல்லாதவருக்கு என்ன இழப்பு?

இந்த இடத்தில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்களின் கருத்தொன்றை நினைவுகூர்வது பொருந்தும். தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பூடகமாக ஆராய்ந்து 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்று அவர் எடுத்துக்காட்டினார். கோயில் மண்டபத்துக் கச்சேரியில் யார் எங்கே நிற்கலாம் என்பதைப் பிறப்பு நிர்ணயித்தது. ஊர்க் கூத்திலும் பார்ப்போர்க்கு இடவரன்முறை உண்டு. கொட்டகையிலோ கையிற் காசு உள்ளவன் நாற்காலியில் அமரலாம். குறைந்த காசு உள்ளவன் மணலில் அமரலாம். பிரிவு இருந்தது, ஆனால் அது சாதியின் பிரிவாக இல்லாமற் காசின் பிரிவாயிற்று. நம் சமூக வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று.

அந்த மணலின் கதையும் நெடியது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் கட்டினார். அவர் வழியில் வந்த டூரிங் கொட்டகைகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பல்லாண்டுகள் ஆட்சி புரிந்தன. அங்கே ஒரே கருவி. சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் எழுந்தால், வயலில் நிற்பவனும் படம் தொடங்கப்போகிறது என்று அறிந்து வண்டியைப் பூட்டினான். தரையில் மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு அதன்மேல் அமர்பவனுக்கும், பின்னால் இருந்து 'தலையை இறக்கு' என்று கூவுபவனுக்கும் இடையே நடந்த வழக்குகள் ஹாலிங்ஸ்ஹெட் கட்டைகள் வைத்துத் தீர்த்த அதே வழக்குத்தான்!

இந்த அளவுகோலால் நோக்கினால், கார் அரங்கு ஒருபடி பின்வாங்கிய அரங்கு என்றே சொல்லவேண்டும். பொதுவெளிக்கு வந்தும் ஒவ்வொரு குடும்பமும் தன் கதவைச் சாத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. அமெரிக்காவிலேயே, நிறவேற்றுமை கோலோச்சிய தென்மாநிலங்களில், கறுப்பின மக்களுக்கு இடமளிக்காத அரங்குகளும் அவர்களை வேறாக நிறுத்திய அரங்குகளும் இருந்தன. வானத்தைக் கூரையாகக் கொண்ட இடத்திலும் மனிதன் வேலி கட்ட மறக்கவில்லை.

எனினும், மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கைக்குழந்தையுள்ள தாய், நடக்கவியலாத மூதாட்டி, வேலை முடிந்து உடைமாற்ற நேரமில்லாத தொழிலாளி ஆகியோர் மூடிய அரங்கில் பெற்ற முகச்சுளிப்பை அந்தத் திறந்த வெளியிற் பெறவில்லை. குழந்தை அழுதால் அடுத்தவருக்குக் கேளாது. பாட்டி உறங்கினால் எவரும் நகையார். பெரிய கலை எல்லாவற்றுக்கும் முன்னால் மனிதருக்கு இந்தச் சிறிய நிம்மதி தேவைப்படுகிறது. ஈஞ்சம்பாக்கத்தில் பாய் விரித்தவர்களை நான் குறித்துக்கொண்டதன் காரணமும் இதுவே. அரங்கை அமைத்தவர் தனிமையைத் தந்தார். வந்தவர்கள் அதனைக் கூட்டாக்கிக்கொண்டார்கள்.

இங்கேதான் களுவாஞ்சிக்குடி முதியவரின் சிரிப்பு எனக்குப் பொருள்படுகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலே கிடக்கும் எங்கள் எழுவான்கரையிலும், வாவிக்கு அப்பால் வயல்கள் விரியும் படுவான்கரையிலும், கூரையில்லாத அரங்கு நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. மண்ணை வட்டமாக உயர்த்தி வட்டக்களரி அமைப்பார்கள். நான்கு புறமும் பார்ப்போர். மத்தளமும் சல்லரியும் முழங்க, அண்ணாவியார் முன்னின்று நடத்த, வடமோடியோ தென்மோடியோ விடியும்வரை ஆடப்படும். சட்டங்கொடுத்த நாள் முதல் சதங்கையணி விழாவும் அடுக்குப் பார்த்தலும் கடந்து அரங்கேற்றம் வரை, மாதக்கணக்கில் ஓர் ஊர் முழுவதும் அந்தக் கூத்திலே வாழும். பந்தங்களின் ஒளியில் ஆடியதைக் கண்டவர் மறைந்து, பெற்றோல்மாக்ஸ் விளக்கில் கண்டவரும் அருகி வருகின்றனர்.

அறுவடை முடிந்த காலத்தில் பட்டிருப்பைக் கடந்தும், குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குத் தோணியேறியும், கூத்துப் பார்க்கப் போனவர்கள் வண்டிலையே இல்லமாக்கிக்கொண்டார்கள். வண்டிலின் நுகத்தை இறக்கினால் அதன் பின்புறம் உயரும், முன்புறம் தாழும்; அதில் சாய்ந்து கிடப்பவனுக்குக் களரி கண்முன்னே நிற்கும். கேம்டன் நகரத்து வணிகர் காப்புரிமை வாங்கிய சாய்வு எங்கள் கமக்காரருக்கு இயல்பாகவே கைவந்திருந்தது என்று நான் பெருமை பேச வரவில்லை. வாகனத்தோடு வந்து, வானத்தின் கீழ் தங்கி, குடும்பமாகக் கலை நுகரும் விருப்பம் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையன்று என்பதையே சொல்லுகிறேன்.

அந்தக் களரிக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. அதனைப் பற்றி எழுத அறிஞர்கள் முன்வந்தார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றியபோது, நாட்டார் கூத்து என்று கற்றோர் ஒதுக்கியது கலையென மதிக்கப்பட்டது. அண்ணாவிமாரின் ஏடுகள் அச்சேறின. ஆய்வுகள் பெருகின. கூத்து முற்றாக மறைந்தாலும் அது எவ்வாறிருந்தது என்பதைப் பின்வருவோர் அறிய வழியுண்டு.

சினிமாக் கொட்டகைக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வின்ஸர், றீகல், வெலிங்டன், ராஜா, ராணி, மனோகரா, லிடோ, ஸ்ரீதர் என்ற பெயர்கள் ஒரு தலைமுறையின் நாவிற் புரண்டன. மட்டக்களப்பு நகரத்துக்கும் கல்முனைக்கும் படம் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறிய குடும்பங்கள் எங்கள் பகுதியில் எண்ணற்றவை. அந்த அரங்குகளைக் காலம் ஒரே அடியில் வீழ்த்திவிடவில்லை, படிப்படியாகவே வீழ்த்திற்று. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, படங்களின் இறக்குமதி அரசின் கைக்குச் சென்றது. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. தென்னைகளை வேரோடு சாய்த்தது. 1979இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ரூபவாகினி வந்தது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் உடைமைகள் எரிந்தபோது திரையரங்குகளும், படப்பிடிப்பு நிலையமும், அவற்றிலிருந்த படச்சுருள்களும் எரிந்தன. பின்னர் வந்தது நெடும்போர். இரவில் வெளியே போவதே உயிருக்கு ஆபத்தான காலத்தில் இரண்டாம் காட்சிக்கு யார் போவார்? தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஜெனரேட்டரையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து, ஓர் ஒழுங்கை முழுவதும் கூடியிருந்து மூன்று படங்களை ஒரே இரவிற் பார்த்த காலம் அது. எண்ணிப் பாருங்கள்! அதுவும் கூரையில்லாத அரங்குதான்.

அரங்குகள் மட்டுமா மறைந்தன? 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. நம் நாட்டில் 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' என்று தொடங்கிய ஈழத்துத் தமிழ்த் திரைப்பட முயற்சிகளிற் பலவற்றை இன்றைய மாணவர் பெயரளவிலேயே அறிய முடிகிறது. படமும் இல்லை, படம் ஓடிய அரங்கும் இல்லை, அரங்கைப் பற்றிய எழுத்தும் இல்லை. மூன்றும் இல்லாதபோது நான்காவதாக எஞ்சியிருப்பது ஒன்றே: பார்த்தவரின் நினைவு. அதற்கும் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது.

இந்த இழப்புக்குச் சூறாவளியையும் போரையும் மட்டும் குற்றஞ்சாட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. சினிமா மாணவரைக் கெடுக்கும் நச்சு என்று மேடைதோறும் முழங்கினோம். ஊர் வரலாறு எழுதப் புகுந்தபோது கோயிலை எழுதினோம், குளத்தை எழுதினோம், பாடசாலையை நிறுவிய பெரியாரை எழுதினோம். ஊரார் ஆயிரம் மாலைகளைக் கழித்த கொட்டகைக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. நான் கற்பித்த காலத்தில், பாட வேளையில் மேசைக்கடியில் வைத்துச் சினிமாப் பாட்டுப் புத்தகம் படித்த மாணவன் ஒருவனிடமிருந்து அதனைப் பறித்து, வகுப்பின் முன்னிலையிலேயே கிழித்தெறிந்தேன். படத்தின் கதைச் சுருக்கமும், நடிகர் பெயர்களும், பாடல்களும் அடங்கிய அந்தச் சில பக்கங்கள் அரங்கு வாயிலில் சில சதங்களுக்கு விற்கப்பட்டவை. பிரதி அழிந்த பல படங்களைப் பற்றி ஆய்வாளர் இன்று எதையேனும் அறிவதென்றால் அத்தகைய பாட்டுப் புத்தகங்களைக் கொண்டே அறிகின்றனர். நான் கிழித்தது ஓர் ஆவணம். அந்த மாணவன் பத்திரப்படுத்தியிருப்பான். அவனுடைய ஆசிரியன் அழித்தான்.

1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் மறவோம், மறக்கவும் கூடாது. எரித்தவரை நோக்கி விரல் நீட்டும் உரிமை நமக்கு உண்டு. ஆனால், அந்த உரிமை, நம் கையிலிருப்பதைப் பேணும் கடமையோடு பிறக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் மின்வடிவில் சேர்த்து உலகெங்கும் உள்ளோர் வாசிக்க வைத்திருக்கிறது. அந்த உழைப்பு அச்சேறியவற்றைக் காத்தது. அச்சேறாத நினைவுகளை முதலில் யாரேனும் எழுதவேண்டுமல்லவா?

ஆகவே, பாடசாலைத் தமிழ் மன்றங்களுக்கும் இலக்கிய வட்டங்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஒரு தவணைக்காலத்தை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் ஊரில், அல்லது உங்கள் ஊரார் போய்வந்த அயலூரில், மறைந்துபோன அரங்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நடிகர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அதனை எழுதப் பலர் உளர். படம் ஓட்டிய ஒப்பரேட்டரைத் தேடுங்கள். கரிக்கோல் எரிந்து ஒளிதந்த கருவியை அவர் எவ்வாறு கையாண்டார், சுருள் அறுந்தபோது எதனால் ஒட்டினார், கூட்டம் கூச்சலிட்டபோது என்ன செய்தார் என்று கேளுங்கள். வாயிலில் கச்சான் விற்ற பெண்மணியைத் தேடுங்கள். ஒலிபெருக்கி கட்டிய காரிலிருந்து துண்டுப் பிரசுரம் வீசியவரையும், பசைவாளி தூக்கிச் சுவரொட்டி ஒட்டியவரையும் தேடுங்கள். கலரியில் யார் இருந்தார், பல்கனியில் யார் இருந்தார், பெண்கள் எங்கே இருந்தனர், எவரேனும் உள்ளே விடப்படாமல் திரும்பியதுண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். இனிய நினைவுகளை மட்டும் சேர்ப்பது வரலாறாகாது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே பாடலுக்குச் சீழ்க்கையடித்த இரவுகள் இக்கரையில் இருந்தன. அவை எப்பொழுது, ஏன் நின்றன என்பதையும் கேட்டு எழுதுங்கள். அது கடினமான வினா. ஆனால், அதற்கு விடை தரக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கேட்டதை ஆளின் வயதோடும் நாளோடும் குறித்து, ஒலிப்பதிவும் செய்து, இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பழைய நுழைவுச் சீட்டோ, பாட்டுப் புத்தகமோ, திறப்புவிழா அழைப்பிதழோ கிடைத்தால் புகைப்படம் எடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். நடை அழகு பற்றிக் கவலை வேண்டா. சொன்னவரின் சொல்லைச் சொன்னபடியே எழுதினால் அழகு தானே வந்து சேரும்.

மறைந்த அரங்குகளை மீண்டும் கட்டவேண்டும் என்று நான் வாதிடவில்லை. நிலம் வேறு பயனுக்குப் போவதும், ஒரு கலைவடிவம் இன்னொன்றுக்கு இடம் விடுவதும் உலகத்து இயற்கை. களரிக்குப் பின் கொட்டகை வந்தது; கொட்டகைக்குப் பின் முற்றத்துத் தொலைக்காட்சி வந்தது; இன்று உள்ளங்கையளவு திரை வந்திருக்கிறது. அந்தத் திரையின் முன்னால் ஒவ்வொருவரும் ஒரு தனிக் காருக்குள் இருப்பதைப்போலவே இருக்கிறோம். கதவைத் திறந்து, பாயை விரித்து, அதனையும் கூட்டாக்கிக்கொள்ளும் வித்தையை நம்மவர் இனிக் காண்பார்களா என்பது எனக்குத் தெரியாது. முன்னர்க் கண்டார்கள் என்பது மட்டும் தெரியும். அந்தச் செய்தி அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேர வேண்டும்.

கூட்டம் முடிந்து நாங்கள் கலைந்தபோது, அந்த மாணவர் முதியவரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பிரதான வீதியோரம் அவரோடு நடந்து போனார். களரிக்குப் போன வண்டிலில் எத்தனை பேர் ஏறினீர்கள் என்று அவர் கேட்டதும், "எண்ணினதாரு மனே" என்று முதியவர் தொடங்கியதும் என் காதில் விழுந்தன. மிகுதியை வீதியில் விரைந்த வாகனங்களின் இரைச்சல் மறைத்துவிட்டது. அந்த மாணவர் அதனைக் கேட்டு எழுதிவைத்திருப்பார் என்று நம்புகிறேன்.